மலையே கிக்கர்

எங்கள் மலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்திருக்க வேண்டும். சந்தையன்று செம்மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த கீழ்நாட்டுக்காரர்களின் வண்டிகள் கடை வாசல்களில் கண்ட திசையில் நிற்கும். எங்கள் ஆட்களின் வண்டிகள் மட்டும் சரிவு பார்த்து, கல்லை எடுத்தால் ஓடிவிடுவேன் என்கிற மாதிரி நிற்கும். பேட்டரி செத்துப்போவதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கல்லை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு, ரெண்டாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்தபடி உருளவிட வேண்டியதுதான். வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்துகொள்ளும். ஸ்டார்ட் ஆவதை நாங்கள் எந்திரிப்பது என்றுதான் சொல்வோம். தூங்குகிற ஆளை எழுப்புவது போலத்தான் அதுவும்.

என் வீட்டுக்காரர் புது வண்டி எடுக்கக் கீழே போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பழைய வண்டிக்குக் காலால் உதைத்து எழுப்புகிற கிக்கர் இருந்தது. புதியதில் இல்லை. செல்ஃப் பட்டன் மட்டும்தான், பரவாயில்லையா என்று கடையில் இருந்தவர் கேட்டார். என் வீட்டுக்காரர் பெரிய வேடிக்கையைக் கேட்டது போலச் சிரித்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க கிக்கரு? மலையே கிக்கர்தானுங்க."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சொல்லும் ஜோக்குகளுக்கு நான் அவ்வளவு லேசில் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஊருக்கு வந்ததும் அந்த வசனத்தை அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

அந்த வகை வண்டிக்குள் பெட்ரோலைத் தள்ளுவதே கரண்டில் ஓடும் ஒரு சின்ன பம்ப்தான் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. பேட்டரி சோர்ந்திருந்தால் இறக்கம் உதவும். அடியோடு செத்துப்போனால் சக்கரம் எத்தனை சுற்றினாலும் என்ஜினுக்குப் பெட்ரோல் வராது. இறக்கத்தில் விட்டால் கல்லும் எந்திரிக்கும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. இதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போமா என்று தெரியவில்லை. இப்போது எனக்குத் தெரியும். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, ஒரு மோட்டார் சைக்கிளின் குடல் நுரையீரலெல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துபோய்விட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அது விடாமல் மழை பெய்த காலம். ரெண்டு மூன்று நாளாகக் கரண்டு இல்லை. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்டிருந்த எங்கள் மிளகுக் கொடிகளில் வாடல் விழத் தொடங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழை விட்டது, கரண்டும் வந்தது. வந்த கையோடு நான் செய்த முதல் வேலை, மருந்து டேங்கை ஆணியிலிருந்து இறக்கி சார்ஜில் போட்டதுதான். முதுகில் மாட்டிக்கொண்டு கொடிக்கு மருந்தடிக்கிற டேங்க் அது. அடியில் பேட்டரி வைத்த வகை. காலையில் பார்த்தபோது சார்ஜரில் சிவப்பு போய்ப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. டேங்கைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, தயார் என்று அவரிடம் சொன்னேன். செம்மேட்டுக்குப் போய் மருந்து கலக்கத் துத்தமும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு உச்சிக்கு முன்னால் வந்துவிடுவேன், மழை திரும்புவதற்குள் அடித்துவிடலாம் என்றார் அவர்.

வண்டி எந்திரிக்கவில்லை. மூடுபனிக்காக முன்பக்கம் ரெண்டு மஞ்சள் விளக்குகள் மாட்டியிருந்தார். அதில் எங்கோ ஒயர் கசிந்து, மழை நாட்களில் சும்மா நின்றபடியே பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம், நாலைந்து தடவைக்குப் பிறகு அதுவும் இல்லை. அவர் சீட்டைக் கழற்றிப் பார்த்தார். அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டின் மேல் ஒரு கூடை ஒயர், அதற்கும் கீழே எங்கோ பேட்டரி. விரல் நுழைய இடமில்லை. ஆப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீட்டை மாட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் பலாமரத்தடியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று என் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி பிக்கப் வண்டி ஓட்டுகிறான். மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கைக் கீழே மில்லுக்குக் கொண்டுபோகிற வேலை. வண்டி விஷயத்தில் என் வீட்டுக்காரருக்கு அவன் சொன்னதுதான் சட்டம். அன்று அவன் கீழே இருந்தான். ஸ்பீக்கரில் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"ரெண்டாவது கியர் போட்டு எறக்கத்துல உடுங்க மாமா. எந்திரிச்சுக்கும்."

எங்கள் வாசலிலிருந்து ஒடுக்கமான ஒரு சிமெண்ட் பாதை சரிந்து இறங்கும். பாதி தூரத்தில் ஒரு திருப்பம், அதற்கும் கீழே ஓடைப் பாலம். பாலம் தாண்டினால் ஏற்றம், அதன் முடிவில் பஸ் ரோடு. அவர் கல்லை எடுத்துவிட்டு உருண்டார். சங்கிலியின் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தில் போய் நின்றுவிட்டது வண்டி. அதை அவ்வளவு தூரமும் தனியாக மேலே தள்ளிக்கொண்டு வந்தார். நான் இறங்கிப் போய்ப் பிடிப்பதற்குள் முக்கால்வாசி வந்துவிட்டார். பலாமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மறுபடி தம்பியைக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா பாருங்க மாமா. வேகம் சேத்தி உடுங்க."

விட்டுத்தள்ளுங்கள், பஸ்ஸில் போய் வாருங்கள் என்று நான் சொன்னேன். பஸ் போய்த் திரும்புவதற்குள் மழை வந்துவிடும் என்றார். ரெண்டாம் தடவை குனிந்து, காற்றைக் கிழிக்கிறவர் போல உருண்டு போனார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வண்டி எந்திரிக்கிற சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஓடையின் இரைச்சல்தான் வந்தது. தள்ளிக்கொண்டு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. ஒருவேளை எந்திரித்து, ஓடைச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பில் உள்ளே போய் உலையைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

திருப்பத்துக்குச் சற்றுக் கீழே, ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றிருந்தது. அவர் பாதையோரத்து மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி பின்னால் உருண்டுவிடாமல் பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். அந்த நேரத்திலும் கல்லைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கல்தான். அதனால் நன்றாகத்தான் இருக்கிறார், இளைப்பாறுகிறார் என்று நினைத்து, அவரைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் போனேன்.

ஜீப்பில் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்கள். இருதயம் என்றார்கள். முன்பே கோளாறு இருந்திருக்கும், என்றைக்காவது வந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

துக்கத்துக்கு வந்த ஆண்கள் வாசலில் உட்கார்ந்து வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். சாவைப் பற்றிப் பேச ஆண்களுக்கு வராது, வண்டியைப் பற்றி வரும். கிக்கர் கிடையாது, பேட்டரி கைக்கு எட்டாது, அந்த வண்டியை இறக்கத்தில் விடுவதைத் தவிர மனுசன் வேறு என்ன செய்வான், நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வேறு வழியில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள், ஒன்றும் தங்கவில்லை. இது தங்கிவிட்டது. தூக்கம் கலைந்து எழும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் மறுபடி படுப்பேன்.

என்னைவிடத் தம்பிக்கு அது அதிகமாகத் தேவைப்பட்டது. அவன் சொல்லித்தானே அவர் ரெண்டாம் தடவை உருண்டார். கருமாதி முடிந்த பிறகும் பல நாள், கிழங்கு இறக்கிவிட்டு வருகிற வழியில் வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நிற்பான். நான் சொன்னதாலா அக்கா என்று கேட்பான். நீ சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார், அந்த வண்டிக்கு வேறு வழியே இல்லை என்று ஊரே சொல்கிறது என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவான். அடுத்த வாரம் மறுபடி வந்து அதையே கேட்பான். சில சமயம் எனக்குக் கோபம் வரும். புருசனைப் பறிகொடுத்தவள் நானா இவனா என்று தோன்றும். ஆனால் 'இன்னொருக்கா' என்கிற சொல்லையே அவன் விட்டுவிட்டான் என்பதை நான் கவனித்தேன். சோறு வேண்டுமானால் கொஞ்சம் என்பான், மறுக்கா என்பான், இல்லாவிட்டால் தட்டை நகர்த்துவான். அதைப் பார்த்த பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை.

வண்டி கொட்டகையில் நின்றது. வருசம் திரும்பியதும் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவனுடைய மோட்டார் சைக்கிள் ஓடாய்த் தேய்ந்து போயிருந்தது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கினான். கயிறு கட்டித் தூக்கிப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு போகிறேன், கீழே யாருக்காவது தள்ளிவிடலாம் என்றான். செத்த மாட்டைத் தூக்குவது போலத் தூக்க நான் விடமாட்டேன், போவதானால் அது ஓடித்தான் இந்த வாசலைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் அவனுக்குப் பழக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். பிக்கப்பைப் பஸ் ரோட்டில் நிறுத்திவிட்டு, ஸ்பேனர் பையும் தடித்த ஜம்பர் ஒயர்களும் எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். பாதை ஒடுக்கம், பிக்கப் மேலே வராது. பேட்டரியை எப்படியாவது வெளியே எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் பிக்கப்பில் சேர்த்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவன் யோசனை. இறக்கத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சீட்டைக் கழற்றினான். தட்டின் திருகுகள் துருவேறியிருந்தன. ஒன்றின் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டான். இதை வடிவமைத்தவனின் பரம்பரையையே வாய்க்குள் திட்டினான். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டு, போனில் யாராவது வழி போட்டிருப்பார்கள், பார்க்கிறேன் என்று பலாமரத்தடிக்குப் போனான். அவர் நின்ற அதே இடம்.

திரும்பி வந்தவனுக்கு முகமே மாறியிருந்தது. ஏதோ தெரியாத பாஷையில் ஒரு ஆள் பேசுகிற வீடியோவை எனக்குக் காட்டினான். ஆளின் முகம் இல்லை, கைகள் மட்டும். பேட்டரியைத் தொடவே வேண்டியதில்லையாம். வண்டியின் பக்கத்து மூடியில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் தீப்பெட்டி அளவில் ரிலே என்று ஒரு கறுப்புப் பெட்டி. பேட்டரியிலிருந்து வருகிற தடித்த சிவப்பு ஒயர் அதில் வந்துதான் முடிகிறது. வெளிப் பேட்டரியின் சிவப்பை அந்த முனையில் கவ்வவிட்டு, கறுப்பை என்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கவ்வவிட்டால், உள்ளே இருக்கிற பேட்டரியைத் தொட்டது மாதிரியேதான்.

"இவ்வளவுதானுக்கா," என்று சிரித்தான். சந்தோசமாகவே சிரித்தான். ரெண்டு பேருக்கும் அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

பக்கத்து மூடி நிமிடத்தில் கழன்று வந்தது. கறுப்புப் பெட்டி அங்கேயே இருந்தது, கை எட்டும் இடத்தில். வெளிப் பேட்டரிக்கு என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்தான். பிக்கப் தூரத்தில் நிற்கிறது, அதன் பேட்டரியைக் கழற்றிச் சுமந்து வருவதென்றால் இடுப்பு போய்விடும். அவன் பார்வை சுவர் ஆணியில் தொங்கிய மருந்து டேங்கில் போய் நின்றது.

"அதுலயும் பன்னெண்டு வோல்ட்டுத்தானுக்கா இருக்கும்."

இப்போதெல்லாம் கொடிக்கு நான்தான் மருந்தடிக்கிறேன். முந்தின நாள்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஒன்றும் நினைக்காமல் இறக்கிக் கொடுத்தேன். டேங்கின் அடிமூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தான். செங்கல் அளவுகூட இல்லை. ஜம்பர் ஒயரின் பெரிய வாய் அதன் சின்ன முனைகளை அரைகுறையாகத்தான் கவ்வியது. சிவப்பைப் பெட்டியில் மாட்டினான், கறுப்பைக் கால் வைக்கும் கம்பியின் போல்ட்டில் மாட்டினான். சாவியைத் திருப்பினான். முகப்பில் விளக்குகள் எரிந்தன. பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயிருந்து பம்ப் ஒரு முறை முனகி அடங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிறகு பட்டனை அழுத்தினான். பாதி சுற்றி நின்றுவிட்டது.

"இன்னொருக்கா பாரு," என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அழுத்தினான். வண்டி எந்திரித்துவிட்டது.

ஒரு வருசம் கேட்காத சத்தம். புகை கொட்டகை முழுக்கச் சூழ்ந்து மெதுவாக வெளியே போனது. அவர் செம்மேட்டிலிருந்து வரும்போது பாலத்தில் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன். அந்தச் சத்தம் இதோ என் முன்னால் நின்றுகொண்டிருந்தது, அதன்மேல் ஆள் இல்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரை நினைத்து எத்தனையோ முறை அழுதிருக்கிறேன், இது வேறு அழுகை. இந்த வாசலில், இந்தச் சுவரில், கை நீட்டினால் எட்டுகிற ஆணியில் அவருடைய உயிர் அன்று காலை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானே சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். பச்சை விளக்கை நானே பார்த்தேன். ஊரே சொன்ன வார்த்தை, ஒரு வருசம் நான் தலைக்கு வைத்துப் படுத்த வார்த்தை, அந்த நிமிடத்தில் இல்லாமல் போய்விட்டது.

என்றைக்காவது வந்திருக்கும் என்று செம்மேட்டில் சொன்னார்கள்தான். வந்திருக்கட்டும். வேறொரு நாள் வந்திருக்கட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தம்பி வண்டியைப் பார்க்கவில்லை. ஒயர்கள் கவ்வியிருந்த சின்ன பேட்டரியைப் பார்த்தான். காலியான ஆணியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஓடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன், அவன் முகம் எனக்குத் தெரியாதா. அணைத்தால் மறுபடி எந்திரிக்காதோ என்று பயந்து வண்டியை ஓடவிட்டிருந்தான். அதனால் அந்தக் கேள்வியை அவன் சத்தம் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, அன்னைக்கு இந்த டேங்குல சார்ஜ் இருந்துச்சா?"

ரெண்டு மூன்று நாளாகக் கரண்டு இல்லை என்பது அவனுக்குத் தெரியும், போனிலேயே பேசிக்கொண்டோம். முந்தின சாயங்காலம் வந்துவிட்டது என்பது, கீழே இருந்தவனுக்குத் தெரியாது. தெரிந்த இன்னொருவர் இப்போது இல்லை.

நானும் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஏது சாமி சார்ஜு? மழையில கரண்டே இல்லியே அப்ப. டேங்கு சும்மா தொங்கிட்டுல்ல இருந்துச்சு."

"அப்ப வேற வழியே இல்லீலக்கா?"

"இல்ல கண்ணு. வேற வழியே இல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு குனிந்தான். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கறுப்பை முதலில், சிவப்பைப் பிறகு, வீடியோவில் சொன்னபடியே. பேட்டரியை டேங்குக்குள் வைத்து அடிமூடியைப் பூட்டி என் கையில் கொடுத்தான். பிக்கப்பைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணி குடுக்கா என்று கேட்டு வாங்கிக் குடித்தான். சொம்பைத் திருப்பித் தந்தவன், நினைத்துக்கொண்டவன் போல மறுபடி கை நீட்டினான்.

"இன்னொருக்கா குடுக்கா," என்றான்.

கொடுத்தேன். குடித்துவிட்டு, வாரேன் அக்கா என்று கிளம்பினான். திருப்பத்தில் வேகம் குறைந்தது, பாலத்தில் கியர் மாற்றினான், ஏற்றத்தில் சத்தம் கனத்து, ரோட்டில் ஏறி மறைந்தது. கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதை எழுதுவதால் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் அட்டைப் பெட்டிமேல் இருக்கும் எழுத்தைத் தவிர அவன் எதையும் படிப்பதில்லை.

உள்ளே வந்தேன். மறுநாள் கொடிக்கு மருந்தடிக்க வேண்டியிருந்தது. டேங்கைக் கீழே வைத்து சார்ஜரைச் செருகினேன். சிவப்பு எரிந்தது. பச்சை வருவதற்குள் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்று அடுப்படிக்குப் போனேன்.